தண்ணியில்லாத காடா நம்ம ஊரு?

(ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலியாகக் கிடக்கும் மருத்துவர், செவிலியர் பணியிடங்களை நிரப்பக் கோரி ஒன்றிய அலுவலகம் முன்பு நடந்த தர்ணாவில் சங்கத்தின் சார்பில் பேசியது. அன்றைக்கு வர இயலாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக அச்சிட்டுத் தருகிறோம்.)

விவசாயப் பெருங்குடி மக்களே! தாய்மார்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே!

காட்டு வேலையையும் மாட்டு வேலையையும் போட்டுட்டு, ஒரு நாள் கூலியை விட்டுட்டு இந்த வெயில்ல வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதுக்கு முதல்ல சங்கத்தின் சார்பில் நன்றி.

இந்தத் தர்ணாவுக்கு அனுமதி கேட்டுப் போனபோது ஒரு அதிகாரி நம்மகிட்ட கேட்டார்: "விவசாயச் சங்கத்துக்கு ஆஸ்பத்திரியில என்னய்யா வேலை? நீங்க உரம் கேளுங்க, கரும்புப் பாக்கி கேளுங்க, கரண்டு கேளுங்க. டாக்டர் வரலைன்னா அது வேற துறை."

அவருக்கு இந்த மேடையிலிருந்தே பதில் சொல்கிறோம். ஒரு விவசாயக் குடும்பம் கடனில் விழுவது இரண்டு வழியில்தான். வெள்ளாமை பொய்த்தால் ஒன்று. வீட்டில் ஒருத்தர் படுத்துவிட்டால் இன்னொன்று. உள்ளூரில் டாக்டர் இருந்தால் அஞ்சு நாள் மாத்திரையோடு போகிற காய்ச்சல், டாக்டர் இல்லாவிட்டால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகுது. கார் வாடகை, ஸ்கேன், பரிசோதனை, கூடப் போனவரின் கூலி, எல்லாம் சேர்ந்து ஆட்டை விற்க வைக்குது. தோட்டை அடகு வைக்க வைக்குது. விதைக்கு வைத்திருந்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அடுத்த போகம் கந்து வட்டியில்தான் ஆரம்பிக்கும். இது விவசாயப் பிரச்சினை இல்லையா? உரத்தைவிடப் பெரிய விவசாயப் பிரச்சினை இதுதான்!

தண்டனையா நம்ம ஊரு?

அரசாங்க உத்தியோகத்தில் ஒரு பழைய மிரட்டல் உண்டு. எல்லாருக்கும் தெரியும். "ஒழுங்கா இல்லைன்னா தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திப்புடுவேன்!" சினிமாவிலும் கேட்டிருக்கோம், ஆபீசிலும் கேட்டிருக்கோம். கேட்டுச் சிரிச்சிருக்கோம்.

அந்தத் தண்ணியில்லாத காடு எது? யோசிச்சுப் பாருங்க. அது நம்ம ஊருதான்! நாம் பிறந்து, வளர்ந்து, உழுது, பிள்ளை பெற்று வாழ்கிற இந்த மண்ணுக்கு வேலைக்கு வருவது ஒரு தண்டனை என்று அரசாங்கமே நினைக்கிறது. தண்டனைக்கு வந்தவன் என்ன செய்வான்? எப்போ விடுதலை என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பான்.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதிய உயர்வு, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற பணியிடங்கள், மேற்படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள். அதற்குக் கிடைத்த பரிசு என்ன? நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வேறு ஊர்களுக்குத் தூக்கியடித்தார்கள். அந்த மாற்றல் உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது. மாற்றலைச் சாட்டையாகச் சுழற்றுகிற வரைக்கும், எந்த மருத்துவர் நம்ம ஊருக்கு மனசோடு வருவார்?

ஆக, இன்றைக்கு நாம் சொல்ல வந்தது ஒரே செய்திதான். டாக்டரை அனுப்பினால் மட்டும் போதாது; நிற்கிற மாதிரி அனுப்பணும். நாற்றைப் பிடுங்கிக் கட்டாந்தரையில் எறிந்துவிட்டு "பயிர் நிற்கலையே" என்று கேட்பவரை என்ன சொல்வோம்? சேறடிக்கணும், தண்ணி கட்டணும், களை எடுக்கணும். ஆளுக்கும் அதே கணக்குத்தான்.

ராத்திரி மடை மாற்றப் போகிறவருக்கு யார் துணை?

மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால் ராத்திரிதான் மோட்டார் போடணும். டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கிறோம். வரப்பில் எலி வளை. எலியைத் தேடிப் பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் நம்ம நாட்டில் அதிகம் பேரைச் சாகடிக்கிற பாம்புகள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இதில் பெரும்பகுதி கிராமத்தில், மழைக்காலத்தில், விவசாய வேலை நடக்கும் மாதங்களில். செத்தவர்கள் யார்? நம்ம ஆட்கள்! தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. வரவேற்கிறோம். ஆனால் அறிவிப்பதற்கும் ஒரு ஆள் வேணுமே!

மருந்து இல்லையா? இருக்கு. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அவர்கள் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் நாட்டின் பல பகுதிகளுக்கும் விஷமுறிவு மருந்து தயாராகுது. ஆனால் மருந்து தானாக உடம்பில் ஏறாது. குளுக்கோஸோடு கலந்து ஏற்றணும். ஏற்றும்போது சிலருக்கு ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அந்த நிமிஷமே மாற்று ஊசி போட ஆள் பக்கத்தில் நிற்கணும். நல்ல பாம்போ கட்டுவிரியனோ என்றால் மூச்சு நிற்கப் பார்க்கும், மூச்சுக்கு உதவணும். விரியன் கடியா என்று பார்க்கப் பெரிய லேப் தேவையில்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிஷம் வைத்துப் பார்த்தால் போதும். உறையாவிட்டால் விஷம் ரத்தத்தில் கலந்திருக்கு என்று அர்த்தம். ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் போதும். ஆனால் அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு மனுஷர் அங்கே இருக்கணுமே!

சங்கத்து உறுப்பினர் ஒருவருக்கு ராத்திரி ஒன்றரை மணிக்குக் கடலைக் காட்டில் பாம்பு கடித்தது. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருத்தர் பிடித்துக்கொண்டு, சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். கட்டடம் இருந்தது. விளக்கு எரிந்தது. குளிர்பெட்டியில் மருந்தும் இருந்தது. டாக்டர் பணியிடம் காலி. செவிலியர் ஒரே ஒருத்தர். அந்த அம்மா உள்ளே ஒரு பிரசவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாயை விடுவதா, பாம்பு கடித்தவரை விடுவதா? அந்த அம்மா ஓடி வந்து ஊசி குத்தி லைன் போட்டுக் கொடுத்து, 108க்குச் சொல்லி, மறுபடி உள்ளே ஓடினார். நம்ம ஆள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு செவிலியர் தலையில் இரண்டு உயிரை ஏற்றிவைத்த அந்த ராத்திரியை நாம் மறக்கவில்லை. அந்த அம்மாவை நாம் குறை சொல்லவில்லை. அவரைத் தனியாக விட்டவர்களைக் கேட்கிறோம்.

செய்ய முடியாத காரியமா இது?

"கிராமத்துக்கு ஆள் கிடைக்காது, எல்லா நாட்டிலும் இதே கதைதான்" என்று கையை விரிக்கிறார்கள். இதே தமிழ்நாடு சாதித்துக் காட்டியதை இரண்டு உதாரணத்தோடு சொல்கிறோம்.

ஒன்று, மருந்து. ஒரு காலத்தில் அரசு ஆஸ்பத்திரி என்றாலே "மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கோ" என்பதுதான் பேச்சு. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மொத்தமாகக் கொள்முதல், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புத்தகம் என்று ஒழுங்கு வந்தது. மற்ற மாநிலத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு, பிரசவம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியரைப் போட்டு, சுற்று முறையில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிற மாதிரி செய்தார்கள். ஊருக்குள்ளே கிராம சுகாதார செவிலியர், நம்ம பொம்பளைங்க வாயில் 'நர்ஸம்மா', வீடு வீடாய்ப் போய் கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்தார். பலன் என்ன? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்குது. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2010-12இல் 90 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 54 ஆனது.

இதைச் செய்தது பளிங்குக் கட்டடமா? இல்லை. ராத்திரி மூன்று மணிக்கும் அங்கே ஒரு செவிலியர் முழித்துக்கொண்டிருந்தார், அதுதான் செய்தது! அந்த மூன்று பேரில் ஒருத்தர் இடம் காலி, இன்னொருத்தர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றால், இத்தனை வருஷம் கட்டியது சரியத் தொடங்கும்.

ஏன் நிற்க மாட்டேங்கிறார்கள்?

டாக்டரைத் திட்டுவது சுலபம். "காசுக்கு ஆசைப்பட்டு டவுனுக்கு ஓடுறான்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். காசுக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வந்து பார்த்துவிட்டுப் போன மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் சங்கம் பேசியது. அவர்கள் சொன்னதைக் கேளுங்கள்.

முதலாவது, தங்க வீடு. குடியிருப்பு என்று ஒரு கட்டடம் நிற்கும். கூரை ஒழுகும், கதவு சாத்தாது, குழாயில் தண்ணி வராது. ராத்திரி டியூட்டிக்கு ஒரு பொண்ணு தனியாக இருக்கணும்; காம்பவுண்டு சுவர் இல்லை. நம்ம பிள்ளையை அப்படி ஒரு இடத்தில் விடுவோமா?

இரண்டாவது, மாற்றுப்பணி. இது பெரிய மாயம். பதிவேட்டில் நம்ம நிலையத்தில் ஆள் இருக்கும், நேரில் இருக்காது. எங்கே என்றால், "மாற்றுப்பணியில் வேறு இடத்துக்குப் போயிருக்கார்" என்பார்கள். சம்பளம் இங்கே, வேலை அங்கே! வெளியே இருந்து பார்த்தால் பணியிடம் நிரம்பியிருக்கு. புதுசாக ஆள் கேட்டால், "உங்களுக்குத்தான் ஆள் இருக்கே" என்று காகிதத்தைக் காட்டுவார்கள். மிச்சம் இருக்கிற ஒருத்தர் மூன்று பேர் வேலையைச் செய்து, உடம்பு கெட்டு, அவரும் மாற்றலுக்கு மனு போடுவார்.

மூன்றாவது, கூலி. கூலி என்றுதான் சொல்லணும். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாதம் எவ்வளவு தெரியுமா? 7,700 ரூபாய் தொகுப்பூதியம்! பக்கத்து மேசையில் அதே வேலை செய்கிற நிரந்தரச் செவிலியருக்கு அதைப் போலப் பல மடங்கு. சமவேலைக்குச் சம ஊதியம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் போராட வேண்டியிருந்தது. கொரோனா வந்தது. 2020இல் அவசரம் அவசரமாகச் செவிலியர்களை எடுத்தார்கள். பெத்த தாயே கிட்டே வரப் பயந்த நாளில், இவர்கள் கவச உடைக்குள் வெந்து வேலை பார்த்தார்கள். கை தட்டினோம், விளக்கேற்றினோம். 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு 2,300க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அறுவடை முடிந்ததும் மாட்டை அவிழ்த்துவிடுகிற மாதிரி! நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர், நம்ம ஊரில் வீடு பார்த்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பாரா?

நான்காவது, மேற்படிப்பு. இது நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம். கொஞ்சம் கவனித்துக் கேளுங்க. எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டருக்கு மேலே படிக்கணும் என்ற ஆசை இருக்கும், அது நியாயம். தமிழ்நாட்டில் பல வருஷமாக ஒரு ஏற்பாடு இருந்தது. அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் பாதி. அதாவது, "கிராமத்துக்குப் போய் வேலை செய், உனக்குப் படிக்க இடம் தருகிறோம், படித்துவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பி வா." நம்ம சுகாதார நிலையத்துக்கு இளம் டாக்டர்களை இழுத்து வந்த காந்தம் இதுதான். மாவட்ட ஆஸ்பத்திரியில் மகப்பேறு, குழந்தை, எலும்பு, மயக்க மருந்து நிபுணர்கள் கிடைத்ததும் இப்படித்தான்.

2017இல் மருத்துவக் கவுன்சில் விதிகளைக் காட்டி அந்த ஒதுக்கீடு அடிபட்டது. அரசு டாக்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, பணியில் உள்ள மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அது டாக்டர்களின் வெற்றி மட்டும் இல்லை, நம்ம வெற்றி! இடையில் போன மூன்று வருஷத்துக்கு யார் பதில் சொல்வது? இனி யாராவது அதில் கை வைத்தால், டாக்டர்களுக்கு முன்னால் பச்சைத்துண்டு போட்டவர்கள் தெருவுக்கு வரணும். ஏனென்றால் அந்த ஒதுக்கீடு போனால் முதலில் காலியாவது நம்ம நிலையம்.

மண்ணில் முளைத்ததே நிற்கும்

சரி, யாரை எடுப்பது? இங்கேதான் விவசாயியின் அனுபவம் உதவும். வெளியூர் ரகத்தைக் கொண்டுவந்து நட்டால் நோய் தாக்கும், தண்ணி அதிகம் கேட்கும். மண்ணோடு பழகிய ரகம் வறட்சியிலும் நிற்கும். ஆளிலும் அப்படித்தான். கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர் கிராமத்தில் வேலை செய்யத் தங்குவது அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொன்னது. 2021இல் அதை மறுபடியும் உறுதி செய்தது.

ஜப்பானில் 1972இல் ஜிச்சி என்ற மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார்கள். நாட்டின் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, படிப்புச் செலவை ஏற்று, சொந்த மாகாணத்துக்கே அனுப்புகிறார்கள். சுமார் ஒன்பது வருஷம் அங்கே வேலை செய்தால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. டாக்டர் இல்லாத மலைக்கும் தீவுக்கும் டாக்டர் போனார்கள்.

ஜப்பான் வரைக்கும் எதுக்கு? தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கிக்குப் போய்ப் பாருங்க. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கு. 1990களின் தொடக்கத்தில் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே வந்து, ஊர் மக்கள் கட்டித் தந்த குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். வெளியிலிருந்து நர்ஸ் வரவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? அந்த மலையாளிப் பழங்குடிப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் சுகாதாரப் பணியாளர்களாகப் பெண்களை நிறுத்தினார்கள். பிறக்கிற ஆயிரம் பிள்ளையில் 150 வரைக்கும் ஒரு வயசுக்குள் செத்துக்கொண்டிருந்த பகுதி அது. பின்னாளில் அது 20 அளவுக்குக் குறைந்தது. இன்னொன்றும் சொல்லணும். வெறும் மாத்திரையால் நோய் தீராது, விவசாயம் நொடித்தால் உடம்பும் நொடிக்கும் என்று கண்டு, அங்கே இயற்கை விவசாயிகள் சங்கம் அமையவும் அவர்கள் துணை நின்றார்கள். விவசாயச் சங்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட அதிகாரி அங்கே போய்ப் பார்க்கட்டும்!

நீலகிரி கூடலூரிலும் இதே கதைதான். 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்று நிற்கிறார்கள். சொந்த பாஷையில் பேசுகிற நர்ஸ் இருந்தால் நோயாளி பாதி வியாதியை அங்கேயே சொல்லிவிடுவார்.

இப்போ நம்ம கையில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நம்ம வீட்டுப் பிள்ளைகள், கூலிக்காரர் பிள்ளைகள், ஆடு மேய்த்தவர் பிள்ளைகள் வெள்ளை கோட் போட்டார்கள். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், அரியலூர், ராமநாதபுரம் உள்பட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். ஆக, படித்த டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. நம்ம ஊரை அறிந்த டாக்டர்களும் வருகிறார்கள். அவர்களைச் சொந்த மாவட்டத்துக்கு அழைக்க ஒரு திட்டம் வேணும். அதைச் செய்யாமல் பத்திரம் எழுதி வாங்கிக் கட்டிப்போட்டால் மட்டும் ஆகாது. கயிற்றால் கட்டிய மாடு கயிறு அறுந்ததும் ஓடும். தீனி போட்ட மாடு வீட்டுக்குத் தானே வரும்.

நம்ம பங்கு என்ன?

கோரிக்கை வைப்பவர்களுக்குக் கடமையும் உண்டு. ஆள் வந்தால் நிற்க வைப்பதில் ஊருக்கும் பங்கு இருக்கு.

செவிலியர் ராத்திரி டியூட்டியில் இருந்தால், குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறவனை ஊர்க்காரர்கள்தான் தடுக்கணும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குபவர்களைத் தண்டிக்க 2008இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் நம்ம ஊர்க் கட்டுப்பாடு நிற்கணும். சங்கத்தின் கிளை உள்ள ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் பொறுப்பேற்று, "அக்கா, எந்நேரமானாலும் எங்களைக் கூப்பிடுங்க" என்று செவிலியரிடம் தங்கள் நம்பரைக் கொடுத்து வைக்கணும்.

பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீங்க, கத்தியால் கீறாதீங்க, வாய் வைத்து உறிஞ்சாதீங்க. பாம்பை அடித்துத் தேடிக்கொண்டு நேரத்தை விடாதீங்க. கடிபட்டவரை நடக்க விடாமல், கடித்த கை காலை அசைக்காமல், நேரே ஆஸ்பத்திரிக்கு. மந்திரிக்கிற இடத்தில் போகிற ஒரு மணி நேரத்தை எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாது.

அடுத்தது, கணக்குக் கேட்கணும். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு போதும். ஒவ்வொரு கிளையும் மூன்றே கேள்வி கேளுங்கள். நம்ம நிலையத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை? அதில் நிரம்பியவை எத்தனை? நிரம்பியவர்களில் மாற்றுப்பணியில் வேறு இடத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதை விட்டுவிடாதீங்க.

அரசியல் சாசனத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களில் ஆரம்ப சுகாதார நிலையமும் ஒன்று. ஆகவே கிராம சபையில் இதைப் பேச நமக்கு முழு உரிமை உண்டு. "இது எங்க துறை இல்லை" என்று யார் சொன்னாலும் எழுந்து நின்று தீர்மானம் கொண்டு வாங்க.

நமது கோரிக்கைகள்

1. சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அளவுகோலின்படி நிலையம் இல்லாத பகுதிகளில் புதிதாகத் திற! இருக்கிற நிலையங்களில் காலிப் பணியிடங்களை உடனே நிரப்பு!

2. கிராம நிலையங்களிலிருந்து எடுத்துப் போன மாற்றுப்பணி ஆட்களைத் திருப்பி அனுப்பு! எத்தனை இடம், எத்தனை ஆள் என்பதை நிலையத்தின் வாசலில் பலகையில் எழுதி வை!

3. மருத்துவர், செவிலியர் குடியிருப்புகளைச் செப்பனிடு! தண்ணீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், இரவுக் காவலர் வேண்டும்!

4. தொகுப்பூதியத்தில் உழைக்கும் செவிலியர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் நிரந்தரமாக்கு! சமவேலைக்குச் சம ஊதியம் கொடு!

5. பணியில் உள்ள மருத்துவர்களுக்கான மேற்படிப்பு ஒதுக்கீட்டைக் காப்பாற்று! மலை, தொலைதூரக் கிராமங்களில் பணியாற்றுபவர்களுக்குக் கூடுதல் முன்னுரிமை கொடு!

6. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் படித்து வரும் மருத்துவர்கள் விரும்பினால் சொந்த மாவட்டக் கிராமங்களில் பணி கொடு! மலைப்பகுதிப் பெண்களுக்கு அந்தந்தப் பகுதியிலேயே பணி உறுதியோடு செவிலியர் பயிற்சி கொடு!

7. ஒவ்வொரு நிலையத்திலும் பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷத்துக்கு முதல் சிகிச்சை தரப் பயிற்சி பெற்ற ஆள் 24 மணி நேரமும் இருக்க ஏற்பாடு செய்!

8. கிராமத்துக்கு மாற்றுவதைத் தண்டனையாகப் பயன்படுத்துவதை நிறுத்து!

விவசாயப் பெருமக்களே! இன்றைக்கு மனு கொடுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று கலைந்து போகக் கூடாது. இந்த எட்டுக் கோரிக்கையையும் வருகிற கிராம சபையில் ஊருக்கு ஊர் தீர்மானமாக்குவோம். தீர்மான நகலோடு, மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு ஊருக்குப் பத்துப் பேர் போவோம். உரம், விதை, மின்சாரத்தோடு சேர்த்து டாக்டரையும் கேட்போம். அதற்கும் அசையவில்லை என்றால், ஆள் இல்லாத சுகாதார நிலையத்தின் வாசலிலேயே உட்காருவோம். உள்ளே இருக்கிற ஒற்றைச் செவிலியருக்கு இடைஞ்சலாக அல்ல, அவருக்குத் துணையாக!

நம்ம ஊரு தண்ணியில்லாத காடு இல்லை. நாட்டுக்குச் சோறு போடுகிற ஊரு. இங்கே வேலைக்கு வருவது பெருமை என்ற நிலையை உண்டாக்குவோம்!

கட்டடம் மட்டும் போதாது, ஆளைப் போடு!
ஆளைப் போட்டால் போதாது, நிற்க வழி செய்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

ஊர் தவறாமல், வீடு தவறாமல் திரண்டு வாரீர்!